'டைம்' என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டீச்சர், 'டைம்' என்பதற்குப் பிரெஞ்சில் என்ன?" கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த வாக்கியத்திலேயே பிழை விடும். ஆகவே நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த டைம்?"

அப்படி ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். "பிள்ளைக்கு இங்கிலீஷே இன்னும் சரியாக வரவில்லை, அதற்குள் பிரெஞ்சு எதற்கு?" என்று கேட்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் உள்ளனர். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பிரெஞ்சை ஒரு பாடமாக எடுக்கலாம். இருந்தும் இந்தக் கவலையால் பின்வாங்கிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பிரெஞ்சுக்குப் போகும் பாதை ஆங்கிலத்தின் வாசலால் மட்டுமே போகிறது என்ற நினைப்பே இதற்குக் காரணம். அந்த நினைப்பு சரியா என்பதை 'டைம்' என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்ப்போம்.

ஒரு சொல், பல வேலைகள்

2006ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் அகராதிக் குழுவினர், கோடிக்கணக்கான சொற்கள் அடங்கிய ஆங்கிலத் தொகுப்பொன்றை ஆராய்ந்து, ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் பயன்படும் பெயர்ச்சொல் எது என்று வெளியிட்டனர். முதலிடம் பெற்றது 'டைம்'. இவ்வளவு அதிகமாகப் புழங்கும் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள் இருக்க முடியாது.

கீழே ஐந்து வாக்கியங்களைத் தமிழில் தருகிறேன்.

இப்போது நேரம் என்ன?
எனக்கு நேரமில்லை.
உனக்கு மூன்று தரம் சொல்லிவிட்டேன்.
அரசர்கள் ஆண்ட காலத்தில் இந்தக் குளம் கட்டப்பட்டது.
சுற்றுலாவில் பொழுது சந்தோஷமாகப் போனது.

இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது ஐந்திலும் 'டைம்' என்ற சொல்லே வரலாம். தமிழிலோ நேரம், தரம், காலம், பொழுது என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நாம் யோசித்துத் தெரிவுசெய்யவில்லை. அவை தாமாகவே வந்தன. "உனக்கு மூன்று நேரம் சொல்லிவிட்டேன்" என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது.

பிரெஞ்சும் இப்படித்தான். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதை அது பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றுள் முக்கியமானவை மூன்று: 'தாங்', 'எர்', 'ஃபுவா'. 'தாங்' என்பதன் இறுதி ஒலி மூக்கால் மட்டும் வர வேண்டும். 'ங்' என்று அழுத்தக் கூடாது. 'எர்' என்பதை உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

இந்த மூன்றும் லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. அங்கே 'தெம்புஸ்' என்றால் காலம், 'ஹோரா' என்றால் மணி, 'விசிஸ்' என்றால் முறை அல்லது மாறி மாறி வருவது. பிரெஞ்சு தன் தாய்வீட்டிலிருந்தே மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தின் 'டைம்' வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அது பழைய ஜேர்மானியச் சொல்லொன்றின் வழிவந்து, நாளடைவில் எல்லா வேலைகளையும் தானே ஏற்றுக்கொண்டது.

மூன்று கேள்விகள்

எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதை நினைவில் வைக்க, நான் பிள்ளைகளுக்கு மூன்று தமிழ்க் கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பேன்.

எத்தனை மணிக்கு? விடை 'எர்'.
எவ்வளவு நேரம்? விடை 'தாங்'.
எத்தனை தரம்? விடை 'ஃபுவா'.

முதலாவது 'எர்'. மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியது எதுவோ அது 'எர்'. நேரம் என்ன என்று கேட்பதற்கு 'கெல் எர் எத்தில்?' என்பார்கள். தொழுகைக்குரிய நேரம் என்பதும் 'எர்'தான், ஏனெனில் லுஹருக்கும் அஸருக்கும் குறித்த வேளை உண்டு. 1926இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசல் வெளியிடும் தொழுகை நேர அட்டவணையைப் பிரெஞ்சில் 'ஒரேர்' என்ற சொல்லால் குறிப்பர். அச்சொல்லும் அதே 'ஹோரா' குடும்பத்தைச் சேர்ந்தது. பஸ், ரயில் நேர அட்டவணைக்கும் 'ஒரேர்' என்றே பெயர்.

இங்கே நமது தமிழுக்குப் பிரெஞ்சை விடக் கூடுதலான நுணுக்கம் ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் நாம் 'இரண்டு மணி' என்றும் 'இரண்டு மணித்தியாலம்' என்றும் வேறுபடுத்திச் சொல்கிறோம். முன்னையது மணிக்கூடு காட்டுவது, பின்னையது நீளம். பிரெஞ்சில் இரண்டுக்கும் 'தெஸெர்' என்ற ஒரே தொடர்தான். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

இரண்டாவது 'தாங்'. இது எண்ண முடியாதது. தண்ணீரைப் போல அளக்கலாம், ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. எனக்கு நேரமில்லை, எவ்வளவு நேரம் எடுக்கும், நேரம் வீணாகிறது என்பவற்றில் எல்லாம் வருவது 'தாங்'. நீண்ட நேரம் என்பதற்கு 'லோங்தாங்' என்று ஒரே சொல்லாகவே எழுதுவார்கள். பாடசாலை நேரசூசிக்கும் 'தாங்' உள்ள பெயரே உண்டு. 'ஆம்ப்லுவா தியூ தாங்' என்பார்கள். நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது அதன் நேர்ப்பொருள். ஆகவே பஸ்ஸின் நேரசூசி ஒன்று, பிள்ளையின் நேரசூசி வேறொன்று.

மூன்றாவது 'ஃபுவா'. இது எண்ணக்கூடியது. ஒரு தரம் 'யூன் ஃபுவா', இரண்டு தரம் 'தெ ஃபுவா', மூன்று தரம் 'துருவா ஃபுவா'. முதல் தடவை, அடுத்த தடவை, கடைசித் தடவை எல்லாம் இதில் அடங்கும். பெருக்கல் வாய்ப்பாட்டிலும் இதுவே வரும். மூன்றை நான்கால் பெருக்குவதைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் 'துருவா ஃபுவா கத்ர்' என்று சொல்லிப் பாடமாக்குகிறார்கள்.

பரீட்சை எழுதும் மாணவிகளுக்கு ஓர் இலக்கணக் குறிப்பு. 'தாங்' ஆண்பால், 'எர்', 'ஃபுவா' இரண்டும் பெண்பால். 'தாங்', 'ஃபுவா' ஆகிய சொற்களின் எழுத்துக்கூட்டல் ஒருமையிலேயே 'எஸ்' என்ற எழுத்தில் முடிவதால், பன்மையிலும் அவை மாறாது. 'எர்' மட்டும் பன்மையில் ஓர் 'எஸ்' சேர்த்துக்கொள்ளும்.

நேரம் கேட்டால் மழையைச் சொல்வார்கள்

'டைம்' என்றால் 'தாங்' என்று மட்டும் பாடமாக்கிய பிள்ளைக்கு வரும் முதல் சிக்கல் இது. நேரம் என்ன என்று கேட்பதற்காக 'கெல் தாங்' என்று தொடங்கினால், கேட்பவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். 'கெல் தாங் ஃபேத்தில்?' என்றால், வெயிலா மழையா என்று காலநிலையைக் கேட்பதாகும். பிரெஞ்சில் 'தாங்' என்ற சொல்லுக்குக் காலநிலை என்ற பொருளும் உண்டு.

ஆங்கிலத்தின் வழியாக மட்டும் வரும் பிள்ளைக்கு இது புதிராக இருக்கும். நேரத்துக்கும் மழைக்கும் என்ன தொடர்பு? தமிழ்ப் பிள்ளைக்கு அப்படியில்லை. நாம் மழைக்காலம் என்கிறோம், கோடைகாலம் என்கிறோம், 'காலநிலை' என்ற சொல்லுக்குள்ளேயே காலத்தை வைத்திருக்கிறோம். இன்னும் ஒன்றைப் பாருங்கள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று வினைச்சொல்லின் நிலையையும் நாம் காலம் என்றே அழைக்கிறோம். பிரெஞ்சு இலக்கணத்திலும் அதற்குப் பெயர் 'தாங்'தான். ஆங்கில இலக்கணத்தில் அதற்கு 'டென்ஸ்' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுச் சொல்லொன்று நம் வீட்டுச் சொல்லோடு இவ்வளவு தூரம் கைகோத்து வருவதை வகுப்பில் காட்டும்போது, தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளின் முகம் மலர்வதை நான் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன்.

நேரத்துக்கு வருவதும் உரிய காலத்துக்குள் வருவதும்

அடுத்து ஒரு நுட்பமான இணை: 'அ லெர்', 'அ தாங்'. இரண்டையும் ஆங்கிலத்தில் 'டைம்' கொண்டே சொல்வார்கள். முன்னிடைச்சொல் மட்டும் மாறும்.

7.10க்கு வரவேண்டிய பஸ் 7.10க்கு வந்தால் அது 'அ லெர்'. குறித்த மணிக்கு வந்தது என்று பொருள். நோயாளியின் நிலை மோசமாவதற்குள் அம்புலன்ஸ் வந்து சேர்ந்தால் அது 'அ தாங்'. காரியம் கெடுமுன் வந்தது என்று பொருள். அம்புலன்ஸுக்கு நேர அட்டவணை இல்லை. ஆகவே அதற்கு 'அ லெர்' பொருந்தாது. இன்னொன்றையும் கவனியுங்கள். பஸ் பத்து நிமிடம் பிந்தி வந்தும், பரீட்சை மண்டபத்தின் கதவு மூடுமுன் நீங்கள் உள்ளே போய்விட்டால், பஸ் 'அ லெர்' வரவில்லை, ஆனால் நீங்கள் 'அ தாங்' வந்தீர்கள்.

'நேரம் வந்துவிட்டது' என்பதிலும் இதே பிரிவு உண்டு. பாடசாலைக்கு வெளிக்கிடும் மணி வந்துவிட்டது என்றால் 'எர்'. இனியாவது ஒழுங்காகப் படிக்கத் தொடங்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று உம்மா சொன்னால் 'தாங்'. முதலாவதை மணிக்கூடு சொல்கிறது. இரண்டாவதை மனிதர் சொல்கிறார்.

சில இடங்களில் மூன்று சொற்களும் விலகிவிடும். சந்தோஷமாகப் பொழுதைக் கழித்தோம் என்பதற்கு 'மொமாங்' என்ற சொல் வரும், அல்லது பெயர்ச்சொல்லே இல்லாமல் மகிழ்ந்தோம் என்று வினையால் முடித்துவிடுவார்கள். வரலாற்றுக் காலப்பகுதிக்கு 'எபோக்' உண்டு, 'தாங்' என்பதன் பன்மையும் உண்டு. சார்லி சப்ளின் 1936இல் வெளியிட்ட 'மொடர்ன் டைம்ஸ்' திரைப்படம் பிரெஞ்சில் 'லே தாங் மொதெர்ன்' ஆனது. சிந்தனையாளர் சார்த்தர் 1945இல் தொடங்கிய புகழ்பெற்ற சஞ்சிகைக்கும் அந்தப் பெயரையே வைத்தார்.

கதைப் புத்தகத்திலும் நாவலிலும்

இலக்கியத்துக்கு வந்தால் இதன் சுவை கூடுகிறது. சிண்டரெல்லா, தூங்கும் அழகி முதலிய கதைகளைச் சார்ள் பெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1697இல் ஒரு நூலாக வெளியிட்டார். நூலின் பெயரில் 'கடந்த காலக் கதைகள்' என்ற பொருளில் 'தாங்' வருகிறது. உள்ளே கதைகள் பல 'இல் எத்தே யூன் ஃபுவா' என்று தொடங்குகின்றன. அதாவது தலைப்பில் 'தாங்', கதையின் தொடக்கத்தில் 'ஃபுவா'. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'டைம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தத் தொடக்கத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'ஒரு தரம் இருந்தது' என்று வரும். அப்படி எழுதினால் எந்தக் குழந்தையும் கதை கேட்காது. 'முன்னொரு காலத்திலே' என்றோ 'ஒரு ஊரிலே' என்றோதான் எழுத வேண்டும். எங்கே சொல்லுக்குச் சொல் போகலாம், எங்கே போகக் கூடாது என்று அறிவதும் மொழிபெயர்ப்பில் ஒரு பகுதி.

மார்செல் புரூஸ்த் எழுதிய பெருநாவல் இன்னோர் உதாரணம். 1913 முதல் 1927 வரை ஏழு பாகங்களாக வெளிவந்த அந்த நாவலின் தலைப்பில் 'தாங் பெர்தூ' என்ற தொடர் இருக்கிறது. 'பெர்தூ' என்பதற்குத் தொலைந்தது, வீணானது என்று இரண்டு பொருள். தொலைந்துபோன காலம் என்றும் வீணாகக் கழித்த காலம் என்றும் வாசகர் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கொட் மொன்கிரீஃப் என்பவர் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, ஷேக்ஸ்பியர் கவிதையொன்றிலிருந்து ஒரு தொடரை எடுத்துத் தலைப்பாக்கினார். கடந்தவற்றை நினைத்தல் என்பது அதன் பொருள். அழகான தலைப்புத்தான், ஆனால் 'டைம்' அதில் இல்லை. தலைப்பின் இரட்டைப் பொருள் போய்விட்டதைப் புரூஸ்த் 1922இல், தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிய கடிதத்திலே குறிப்பிட்டார். 1992இல் திருத்திய பதிப்பு வந்தபோதுதான் 'டைம்' ஆங்கிலத் தலைப்புக்குத் திரும்பி வந்தது. ஒரு தலைப்புச் சொல் தன் இடத்துக்கு வர எழுபது ஆண்டுகள் எடுத்தன.

தமிழ் எங்கே உதவும், எங்கே உதவாது

இவ்வளவும் சொன்னதனால், தமிழ் தெரிந்தால் பிரெஞ்சு தானாக வந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 'நேரம் என்ன?' என்பதிலும் 'நேரமில்லை' என்பதிலும் நாம் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். பிரெஞ்சில் முன்னையது 'எர்', பின்னையது 'தாங்'. நம் 'நேரம்' அங்கே இரண்டாக உடைகிறது. நமது 'தரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தரம் 10இல் படிக்கிறாள், தரமான துணி, இரண்டு தரம் வந்தாள். ஒரே சொல், மூன்று பொருள். தமிழ் படிக்க வரும் பிரெஞ்சுக்காரப் பிள்ளை இந்த இடத்தில் தடுக்கி விழும். ஒவ்வொரு மொழிக்கும் இப்படிச் சில சொற்கள் உண்டு.

அரபு ஓதிய நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. வக்து, சாஅத், மர்ரத், ஸமான் என்று அரபியிலும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வக்து என்பது தொழுகைக்குரிய வேளை, மர்ரத் என்பது தடவை. 'அஸ்ர்' என்ற சொல்லோ பின்னேரத்தையும் குறிக்கும், காலம் என்பதையும் குறிக்கும். தமிழும் அரபும் காதில் விழுந்து வளர்ந்த ஒரு பிள்ளை, 'ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்' என்று எந்த மொழியும் இயங்குவதில்லை என்பதைத் தன்னை அறியாமலே அறிந்து வைத்திருக்கிறது. அந்த அறிவோடு பிரெஞ்சு வகுப்புக்கு வரும் பிள்ளையை வெறுங்கையோடு வந்தவள் என்று எப்படிச் சொல்வது?

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடப் புத்தகங்களும் அகராதிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கிடைக்கின்றன. ஆங்கிலமும் பிரெஞ்சும் பகிர்ந்துகொள்ளும் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் ஆங்கிலம் பலவீனமாக இருப்பதால் பிரெஞ்சுக் கதவும் மூடிவிட்டது என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் இடத்தில் அவளுக்குத் தமிழ் கைகொடுக்கலாம்.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். கைத்தொலைபேசியில் தனிச் சொல்லைத் தட்டிப் பார்த்து, முதலில் வரும் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே கொப்பியில் எழுதாதீர்கள். முழு வாக்கியத்தையும் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகு மூன்று கேள்விகளில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். பெற்றோரே, உங்களுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும், பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது "எத்தனை மணிக்கா, எவ்வளவு நேரமா, எத்தனை தரமா?" என்று கேட்க உங்களால் முடியும். அந்தக் கேள்வியே போதுமான உதவி.

முயன்று பார்க்க ஐந்து வாக்கியங்கள் தருகிறேன். விடையை மறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. கொழும்பு ரயில் எத்தனை மணிக்கு வெளிக்கிடும்?
2. அடுத்த தரம் வரும்போது புத்தகத்தைக் கொண்டு வா.
3. இந்தத் துணியைத் தைக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?
4. பால் பொங்கி வழியுமுன் உம்மா வந்து அடுப்பை நிறுத்திவிட்டார்.
5. இன்றைக்கு வெளியே நல்ல வெயில்.

விடைகள்: முதலாவது 'எர்', இரண்டாவது 'ஃபுவா', மூன்றாவது 'தாங்', நான்காவது 'அ தாங்'. ஐந்தாவதைக் கண்டு தயங்கியிருப்பீர்கள், அதில் 'டைம்' எங்கே என்று. ஆங்கிலத்தில் இல்லை, பிரெஞ்சில் உண்டு. நல்ல காலநிலை என்பதும் அங்கே 'தாங்'தான்.